வழி இரண்டு, பெட்டி ஒன்று!

2021 டிசம்பரில் திருமலையின் இரண்டாம் மலைப்பாதையிலே பாறைகள் சரிந்தன. ஏறுவழி அடைபட்டது. 1944-இல் திறந்த முதற்பாதையின் துணையால்தான் வண்டிகள் மேலேறின. கணிப்பொறியில் 'மல்டிபாத்' என்பதும் இதுவே: சேமிப்புப் பெட்டிக்கு இரண்டு கம்பிவடம்; ஒன்று அறுந்தால் மற்றொன்று.

நல்லதுதான். ஆயினும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே விதி எழுதுகிறோமே, தகுமா? சிலவற்றில் இரு வழியிலும் ஒருங்கே தரவைச் செலுத்தலாம். சிலவற்றிலோ ஒன்று ஓட, மற்றொன்று காத்திருக்க வேண்டும். மாறி மாறிச் செலுத்தினால் வேகம் குலையும். கணிப்பொறிக்குள்ளேயே கிடக்கும் ஒற்றை வட்டுக்கு மல்டிபாத்தே வேண்டா!

இதனினும் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. வழி இரண்டானால் ஆய்வுத் தரவுக்குப் படியும் இரண்டு என்று நம்புகிறோம். திருப்பதியில் அந்தப் பெட்டியே பழுதானால் என் செய்வோம், நண்பர்களே? இரண்டாம் வடத்துக்குப் பணம் கேட்குமுன், சித்தூரில் வைக்க ஒரு படி எடுக்கட்டும் நம் துறைகள்.