கோடு போட்டால் குற்றமா?



சென்ற மழைக்காலத்தில், எமரால்டில் நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தெறிந்தேன். பாடம் எழுத வேண்டிய பக்கத்தில் அவள் தேயிலைச் சரிவை வரைந்திருந்தாள். கிழித்த பிறகே உற்றுப் பார்த்தேன். செடி வரிசைகளின் வளைவுகளெல்லாம் ‘பிஸ்மி’யின் எழுத்துகள்! நான் கிழித்தது எதை என்று எண்ணியபோது உடல் நடுங்கிற்று.

‘சித்திரமா, ஹராம்’ என்று ஒரே மூச்சில் தீர்ப்பளிப்போருடன் எனக்கு வழக்கு உண்டு. அவர்களில் முதல் குற்றவாளி நானே.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை வந்துள்ளது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையை மேடையில் முழங்குவோர், அதே புகாரியில் உள்ள மற்றொரு செய்தியை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து முறையிட்டபோது, அவர்கள் எச்சரித்ததோடு நிற்கவில்லை. மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ள வழிகாட்டினார்கள். அவருடைய கைத்தொழிலைப் பறிக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். நபி (ஸல்) அவர்களே ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோடு. அந்த நடுக்கோட்டின் பக்கங்களில் சிறு கோடுகள். நடுவில் இருப்பவன் மனிதன், சூழ்ந்திருப்பது அவனது மரணம், வெளியே நீள்வது அவனது ஆசை, சிறு கோடுகள் அவனைத் தாக்கும் சோதனைகள். இதுவும் புகாரியில் உள்ளதே! நான் ஒரு மணி நேரம் பயான் செய்தாலும் பிள்ளைகள் மனத்தில் பதியாததைச் சில கோடுகள் பதித்துவிடுகின்றன. இன்று ‘கிராஃபிக் டிசைன்’ என்று கட்டணம் வாங்கிக் கற்பிப்பது வேறென்ன?

அச்சிறுமியின் தாளுக்குப் பிறகே இக்கலையை நான் தேடிப் பார்க்கலானேன். தூனிசிய வம்சாவளியினரான எல் சீட் என்னும் ஓவியர், 2012இல் காபிஸ் நகரப் பள்ளிவாசல் மினாராவில், மனிதர்களைக் குலங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிவதற்கே என்னும் அல்ஹுஜுராத் வசனத்தை வரைந்தார். 2016இல் கெய்ரோவில், குப்பை பொறுக்குவோர் என்று ஊரார் ஒதுக்கிய கிறித்தவக் குடியிருப்பில், ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களின் சுவர்களில் ஒரே அரபு எழுத்தோவியத்தைத் துண்டு துண்டாகத் தீட்டினார். தெருவில் நிற்பவனுக்கு அது வெறும் வண்ணக் கீற்று. முகத்தம் மலை மீதேறிப் பார்த்தால்தான் எழுத்து கூடும். மலையில் வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அதில் முகமில்லை, உருவமில்லை. ஹராம் எங்கே இருக்கிறது?

நம் நிகாஹ் வீடுகளில் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கிறது. மாப்பிள்ளையின் முகம் ஆளுயரப் பேனரில் சிரிக்கிறது. அதற்கெல்லாம் ஃபத்வா கேட்பாரில்லை. பிள்ளையின் பென்சிலுக்கு மட்டும் ஃபத்வா!

இவ்வாண்டு மத்ரஸா விழா அழைப்பிதழைப் பிள்ளைகளே வரையட்டும் என்று முடிவு செய்துள்ளேன். ஆட்சேபம் உள்ளவர்கள் அஸருக்குப் பின் வரலாம், புகாரியையும் கையோடு எடுத்து வரட்டும். முதல் தாளை அச்சிறுமியிடமே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “கிழிச்சிட மாட்டீங்களே, ஹஜ்ரத்?” என்றாள்.