வீரனுடைய வயிறு

சென்ற ஐப்பசி மாதத்தில் நமது வீட்டு நாய் வீரனுடைய வயிறு பெருக்கத் தொடங்கியபோது, அது நாம் இட்ட சோற்றின் மகிமை என்றே எண்ணியிருந்தோம். தெருவில் போவோர், "வாத்தியார் வீட்டுச் சாப்பாடு நாய்க்கு நன்றாக ஒட்டியிருக்கிறது" என்றார்கள். வாத்தியார் உடம்பில் ஒட்டாதது நாயின் உடம்பிலாவது ஒட்டிற்றே என்று நாமும் மகிழ்ந்தோம். பத்து வயதைத் தாண்டிய கிழ நாய். நாலு படி ஏறினால் இளைத்தது. கொழுப்பு மிகுந்துவிட்டதென்று தீர்மானித்துச் சோற்றைப் பாதியாகக் குறைத்தோம். சோறு குறைந்தது, வயிறு குறையவில்லை.

நமது தவற்றைக் கண்டுபிடித்தவன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். நோட்டுப் புத்தகம் கொடுக்க வீட்டுக்கு வந்தவன் வீரனைச் சற்று நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஸார், முதுகெலும்பு வரிவரியாகத் தெரிகிறதே, கொழுத்த நாய்க்கு எலும்பு எப்படி ஸார் தெரியும்?" என்று கேட்டான். பட்டம் பெற்ற நமக்குத் தோன்றாத கேள்வி. மறுநாளே கால்நடை வைத்தியரிடம் போனோம்.

அவர் வயிற்றின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, மறுபக்கத்தில் விரலால் தட்டினார். குடத்து நீர் தளும்புவதுபோல அலை இப்பக்கம் வந்து மோதியது. நமது கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். மனிதருக்கு வந்தால் மகோதரம் என்போமே, அதுதான். இருதயம் தளர்ந்துவிட்டதென்று ஸ்கான் படம் காட்டியது.

இருதயம் தளர்ந்தால் வயிற்றில் ஏன் நீர் சேரவேண்டும்? இதற்கு விடை கண்டதும் நாய்களிடத்தில்தான். 1669-ஆம் வருஷத்தில் ரிச்சர்டு லோயர் என்னும் ஆங்கில வைத்தியர், இருதயத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஒரு சோதனையை விவரித்தார். கீழுடம்பிலிருந்து இருதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய குழாயை ஒரு நாய்க்குக் கட்டிவிட்டார். சில மணி நேரத்தில் நாய் இறந்தது. வயிறு நிறைய நீர் இருந்தது. வேறொரு நாய்க்குக் கழுத்துக் குழாய்களைக் கட்டினார், தலை வீங்கிற்று. அறுத்துப் பார்த்தால் அங்கே இரத்தமில்லை, தெளிந்த நீரே இருந்தது. மதகு அடைபட்டால் வாய்க்காலின் கரை கசிவதுபோல, திரும்பும் வழி தடைப்பட்ட இரத்தத்திலிருந்து நீர் கசிகிறது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் அந்த நாய்கள் பட்ட பாட்டை நினைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் வீரனுக்குக் கிடைத்த வைத்தியத்தில் அவற்றின் பங்கு உண்டு.

பாதி விடையே இது. மறுபாதியை 1896-ல் லண்டனில் எர்னஸ்டு ஸ்டார்லிங் என்பவர் சொன்னார். நாயின் பின்னங்காலில் உப்பு நீரைச் செலுத்தினால் இரத்தம் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அதே இடத்தில் இரத்தத்தின் சீரத்தைச் செலுத்தினால் உறிஞ்சுவதில்லை. இரத்தத்திலுள்ள புரதமே நீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடித்து வைக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. ஆகவே, இருதயம் நன்றாக இருந்தும் நாய் வீங்கலாம். ஈரல் கெட்டுப் புரதம் உண்டாகாமற் போகலாம். சிறுநீரகம் வழியாகவோ குடல் வழியாகவோ புரதம் ஒழுகிப் போகலாம். இத்தகைய வீக்கத்தை விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில்போலக் குழி விழுந்து சிறிது நேரம் நிற்கும். கொசு கடிப்பதனால் பரவும் இருதயப் புழுவும் சில தேசங்களில் வயிற்று நீருக்கு ஒரு காரணம். தேனீ கொட்டி முகம் வீங்குவது வேறு ரகம், நிமிஷங்களில் வரும். மூச்சுத் திணறினால் உடனே ஓடவேண்டியதுதான். பெரிய ஜாதி நாய்களுக்கு வயிறு திடீரென்று மத்தளம்போல இறுகி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமலிருந்தால் அது நீரன்று. இரைப்பையில் காற்று நிறைந்து முறுக்கிக்கொள்வது. அதற்குப் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

வீரன் வயிற்றிலிருந்து ஊசி வழியே ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் எடுத்தார்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் இருதயத்துக்கு வேறு மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது தவற்றைச் செய்தோம். உடம்பில் நீர் சேரும் வியாதி ஆயிற்றே என்று இல்லத்தரசியும் நாமும் கலந்து யோசித்துத் தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்து வைத்தோம். மறுநாள் வீரன் குளியலறைத் தரையை நக்கிக்கொண்டிருந்தது. செய்தி கேட்ட வைத்தியர், "வாத்தியார் ஸார், மாத்திரை நீரை வெளியேற்றுகிறது, குடிக்கவும் விடாவிட்டால் சிறுநீரகம் என்ன ஆகும்? குறைக்கவேண்டியது தண்ணீரை அல்ல, உப்பை!" என்றார். கருவாடும் ஊறுகாய்ச் சோறும் அன்றோடு நின்றன. சோறு பழைய அளவுக்குத் திரும்பியது, முட்டையும் சேர்ந்தது.

இந்த வியாதி தீராது என்றும் அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நீர் மீண்டும் சேரலாம். நுரையீரலில் சேர்ந்தால் அபாயம் அதிகம். அதை முன்கூட்டி அறிய ஒரு வழி சொன்னார்: நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணவேண்டும், 30-க்கு மேல் நின்றால் தாமதமின்றி வரவேண்டும். அந்த மாணவனே நமது வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, தினம் பள்ளிக்குப் போகுமுன் வந்து எண்ணி எழுதிவிட்டுப் போகிறான். இன்று காலை எழுதியிருப்பது 22.