கணக்குக்குப் பயந்து படிப்பை விடுவதா?

கணக்கில் மார்க் குறைந்த மாணவனுக்குக் கல்லூரிப் படிப்பு எட்டாக்கனிதானா?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. கணக்கில் பின்தங்கியவர்கள் பள்ளிக்கூட அல்ஜீப்ராவை முதலில் மறுபடியும் படித்துத் தேற வேண்டும். பட்டத்துக்கு அது கணக்கில் சேராது. பணமும் காலமும் செலவானதுதான் மிச்சம். பலர் படிப்பையே விட்டுவிட்டார்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2013-ல் ஒரு சோதனை நடத்தியது. 3 கல்லூரிகளில், கணக்கில் பின்தங்கிய 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் 3 பிரிவாக்கினார்கள்.

முதல் பிரிவு வெறும் அல்ஜீப்ரா படித்தது. தேறியவர்கள் நூற்றுக்கு 39 பேர். இரண்டாம் பிரிவுக்கு அல்ஜீப்ராவுடன் வாரம் 2 மணி நேரம் துணை வகுப்பு. தேறியவர்கள் 45 பேர். மூன்றாம் பிரிவு அதே துணை வகுப்போடு நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியல் படித்தது. அதில் 56 பேர் தேறினார்கள்!

"தரம் குறைந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். பட்டத்துக்குரிய புள்ளியியல் பாடத்தைத்தான் அவர்கள் படித்தார்கள். புரியாததைக் கேட்டுத் தெளிய ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். பள்ளியும் மொழியும் மாறும்போது நம் பிள்ளைகளுக்குக் கணக்கில் சில பாடங்கள் விட்டுப்போவது சகஜம். அதற்காக பி.காம். படிப்பே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டுமா?

வாரம் 2 மணி நேரத் துணை வகுப்பு பெரிய செலவல்ல. இங்குள்ள கல்லூரிகள் அதை நடத்த முன்வர வேண்டும். பெற்றோரும் கேட்க வேண்டும்.