ஹெட்லைட் பல்பை நீங்களே மாத்தலாம்... ஆனா ‘அப்கிரேடு’ பண்ணலாமா?

மழை விட்ட ராத்திரி. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே ஒரு கார் டிம் போட்டுத்தான் வருகிறது. ஆனாலும் பைக்கில் போகிறவருக்கு இரண்டு வெள்ளை உருண்டைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. ரோடு எங்கே முடிகிறது, முன்னால் சைக்கிள் போகிறதா, பள்ளம் இருக்கிறதா, எல்லாமே யூகம்தான். 50 கி.மீ வேகத்தில் இரண்டு விநாடி என்பது கிட்டத்தட்ட 28 மீட்டர். அவ்வளவு தூரத்தை அவர் குருட்டாம்போக்கில் கடக்கிறார்.

அந்தக் காரை ஓட்டுகிறவர் மோசமானவர் இல்லை. ஆன்லைனில் எல்.இ.டி பல்பு வாங்கி, யூடியூப் பார்த்து வீட்டு வாசலிலேயே மாட்டியிருப்பார். “செம்ம வெளிச்சம் ப்ரோ” என்று ரிவ்யூகூட போட்டிருப்பார்.

பல்பை மாற்றுவது வேறு, அப்கிரேடு பண்ணுவது வேறு. முதலாவதை எல்லாரும் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் இரண்டாவதில்.

மாத்துறது எவ்ளோ ஈஸி?

நம் ரோட்டில் ஓடும் ஹாலஜன் கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு ஃபிலமென்ட்: லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். சில கார்களில் லோ, ஹை இரண்டுக்கும் தனித்தனி பல்பு. எச்7, எச்பி3 என்று வகை மாறும். உங்கள் காரில் எது என்பது பழைய பல்பின் அடியிலேயே எழுதியிருக்கும்.

லைட்டை அணைத்துவிட்டு பல்பு ஆறும்வரை காத்திருங்கள். பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் கப்ளரை நேராக இழுத்துக் கழற்றுங்கள். ரப்பர் மூடியை எடுத்தால் பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் தெரியும். அதை அமுக்கி விலக்கினால் பல்பு வெளியே வந்துவிடும். புது பல்பின் தட்டில் மூன்று காதுகள் இருக்கும். ஒன்று மட்டும் அகலம். சரியான பக்கம் வைத்தால் தானாக உட்காரும், திணிக்கத் தேவையில்லை. கண்ணாடிப் பகுதியைக் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடாகி பல்பின் ஆயுள் குறையும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

சில கார்களில் பேட்டரியோ பம்பரோ வழியை மறிக்கும். அதெல்லாம் மெக்கானிக் வேலை. மற்றபடி பத்து நிமிஷம், சில நூறு ரூபாய். ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. இன்னொன்றுக்கும் அதே வயசுதானே.

எல்.இ.டி-யில என்ன பிரச்னை?

ஹெட்லைட் என்பது வெறும் பல்பு இல்லை. பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் எந்த இடத்தில், எந்த நீளத்தில் இருக்கும் என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வடிவமைக்கப்பட்டது. எச்4 பல்பை உற்றுப் பார்த்தால், லோ பீம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே குட்டியாக ஓர் உலோகக் கிண்ணம் தெரியும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் தடுப்பது அதுதான். எதிரே வருகிறவர் கண்ணுக்கு வெளிச்சம் போகாமல் காப்பாற்றுவதும் அதே கிண்ணம்தான்.

எல்.இ.டி பல்பில் மெல்லிய கம்பிக்குப் பதில் தட்டையான சிப்புகள், ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் இருக்கும். வெளிச்சம் புறப்படும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலே போதும், ரிஃப்ளெக்டர் அதைத் தப்பான திசையில் வீசிவிடும். மேலே போகக் கூடாத வெளிச்சம் மேலே போகும். தூரத்துக்குப் போக வேண்டியது காருக்கு முன்னாலேயே கொட்டிவிடும்.

ஓட்டுகிறவருக்கும் இதில் லாபம் இல்லை. பக்கத்து ரோடு பளீரென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கும். அப்போது தூரத்து இருட்டில் நிற்கும் மாடு இன்னும் மங்கலாகத்தான் தெரியும். வெளிச்சம் கூடியிருக்கிறது, பார்வை கூடவில்லை.

கம்பெனியிலிருந்தே எல்.இ.டி-யோடு வரும் கார்கள் இந்தக் கணக்கில் சேராது. அங்கே முழு ஹெட்லைட்டும் எல்.இ.டி-க்காகவே வடிவமைக்கப்பட்டது. ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி பல்பு போட ஜெர்மனியில் 2020-ல்தான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 பல்பு அது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். இங்கே ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் பல பெட்டிகளின் மூலையில் ‘ஆஃப்-ரோடு யூஸ் ஒன்லி’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆபீஸ் போக எத்தனை பேர் காட்டுவழியில் போகிறார்கள் என்று தெரியவில்லை.

சட்டமும் பல்பு வாங்கியவர் பக்கம் இல்லை. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. 100/90 வாட் ஹாலஜனும் நல்ல மாற்று இல்லை. 55 வாட்டுக்கு ஏற்ற வயரும் ஹோல்டரும் 90 வாட்டில் சூடாகி உருகலாம்.

அப்போ மங்கலா இருந்தா என்ன பண்றது?

“பழைய லைட்ல ஒண்ணுமே தெரியல” என்ற புகார் பொய் இல்லை. ஆனால் பல நேரம் குற்றவாளி பல்பே இல்லை. முதலில் லென்ஸைப் பாருங்கள். வெயிலில் மஞ்சளாகிப்போன பாலிகார்பனேட் லென்ஸ் எந்தப் பல்பையும் தோற்கடிக்கும். அதைத் தேய்த்து பாலிஷ் போட்டு, மேலே யு.வி கோட்டிங் கொடுத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அடுத்தது வோல்ட்டேஜ். ஹாலஜனுக்கு வரும் வோல்ட்டேஜ் 10% குறைந்தால் வெளிச்சம் சுமார் 30% குறைந்துவிடும். பத்து வருஷ காரில் துருப்பிடித்த எர்த், தளர்ந்த கப்ளர் எல்லாம் சகஜம். ஒரு நல்ல எலெக்ட்ரீஷியன் ரிலேயுடன் தனி வயரிங் போட்டுக் கொடுத்தால், அதே 55 வாட் பல்பே பழைய கார் போல இருக்காது.

அப்புறம் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகி இருக்குமே, அது ஹெட்லைட்டின் உயரத்தை மாற்ற. டிரைவர் மட்டும் இருந்தால் 0; பின் சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி லைட் மேலே தூக்கும், அப்போது எண்ணைக் கூட்ட வேண்டும். பலர் கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

ஏற்கெனவே எல்.இ.டி மாட்டிவிட்டவர்களுக்கு விதிப் புத்தகத்திலேயே ஒரு டெஸ்ட் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106-ன்படி, காரிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்க ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை லைட் கூசவைக்கக் கூடாது. ராத்திரி சமதரையில் லோ பீமைப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் போய் லேசாகக் குனிந்து நின்று உங்கள் காரையே பாருங்கள். கண் கூசினால், பழைய பல்பு டிக்கியில் எங்கேயாவதுதான் கிடக்கும். திரும்ப மாட்டவும் அதே பத்து நிமிஷம்தான்.