பேருக்கு அனுப்பிய படையா?

தண்டலம் சுற்றுவட்டாரத்தில் கொரியா என்று பேச்செடுத்தாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். கொரியப் போரில் இந்தியா ஒதுங்கி நின்றது, பேருக்கு நாலு டாக்டர்களை அனுப்பிவிட்டு ஐ.நா.வில் வாய்ப்பந்தல் போட்டது, கொரியாவோடு நமக்கு உறவே ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகுதான் என்பார்கள். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் மட்டுமல்ல, நன்றாகப் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த ‘நாலு டாக்டர்கள்’. 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. ஏறக்குறைய 350 பேர். தலைமை ஏற்றவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், நம் தமிழ்நாட்டு மருத்துவர். 1941இல் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கோடு பாராசூட்டில் குதித்து, அப்படிக் குதித்த முதல் இந்தியர்கள் என்ற பெயரை எடுத்தவர்.

வந்து இறங்கிய சில நாட்களிலேயே சீனப் படை பெரும் தாக்குதலைத் தொடங்கிவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கினார்கள். அங்கிருந்த ரங்கராஜின் பிரிவுக்கு வண்டி இல்லை. கொண்டுவந்த அறுவைக் கருவிகளையும் மருந்துகளையும் எரித்துவிட்டுப் புறப்படுவதுதான் அங்கிருந்த வழி. மருந்தும் கருவியும் போய்விட்டால் மருத்துவப் பிரிவு வெறும் ஆள் கூட்டம்தானே? அவர் ஒப்பவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். படையிலேயே எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கொதிகலனில் நீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, சாமான்களோடு தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலங்கள் தகர்க்கப்படுவதற்குள் தெற்கே வந்து சேர்ந்தார்கள். பின்னணியில் பாதுகாப்பாக உட்கார்ந்து கட்டுப் போட்டவர்கள் கதை இப்படியா இருக்கும்?

1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187ஆவது பாராசூட் படைப்பிரிவு முன்சான்-நி என்ற இடத்தில் எதிரியின் பின்புறம் குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய சிறு அறுவைக் குழுவும் கூடவே குதித்தார்கள். பின்னாளில் அவருக்கு மகா வீர் சக்ரா கிடைத்தது. அதே காலத்தில் பிரிவின் இன்னொரு பாதி மேஜர் பானர்ஜியின் பொறுப்பில் தேகு நகரில் கொரியப் பொதுமக்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தது. சொந்தப் படையே களத்தில் இல்லாத ஒரு நாட்டின் மருத்துவர்கள் செய்த வேலை இது.

நியாயமான ஒரு கேள்வி இங்கே எழும். நடுநிலை என்று சொல்லிவிட்டு அமெரிக்க விமானத்திலிருந்து குதிப்பது என்ன நடுநிலை? கேள்வி சரிதான். அந்தப் பிரிவு இயங்கியது ஐ.நா. கூட்டுப்படையின் கீழ், எதிர்த்தரப்பு அதை நடுநிலை என்று ஏற்றிருக்க வழியில்லை. ஆனால் 1950 ஜூலையில் கூட்டுத் தலைமைத் தீர்மானம் பாதுகாப்பு அவைக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகியிருந்தது. துப்பாக்கி அனுப்ப மறுத்த நாடு மருத்துவர்களை மட்டும் அனுப்பியது. இது முழு நடுநிலை அல்ல என்றால், முழு ஒதுங்கலும் அல்ல.

அடுத்தது வாய்ப்பந்தல். 1950 அக்டோபர் 3 நள்ளிரவு தாண்டிய நேரம். பெய்ஜிங்கில் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை எழுப்பி அழைத்தார் சீனப் பிரதமர் சூ என்லாய். இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது இணைக்கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும் என்றார். பணிக்கர் சேதி அனுப்பினார். வாஷிங்டன் மதிக்கவில்லை. சொன்னபடியே சீனா இறங்கியது. எச்சரிக்கை பொய்யாகவில்லை, கேட்கத்தான் ஆளில்லை. போர்க் கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலில் பேச்சுவார்த்தை முட்டி நின்றபோது, ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதி கிருஷ்ண மேனன் உழைத்து உருவாக்கிய இந்தியத் தீர்மானம் 1952 டிசம்பரில் பொது அவையில் நிறைவேறியது. சோவியத்தும் சீனாவும் அப்போது உதறின. ஸ்டாலின் இறந்த பிறகு, 1953 ஜூனில் கைதிகள் பற்றி எட்டிய உடன்பாடு கிட்டத்தட்ட அதே தடத்தில்தான் அமைந்தது: நடுநிலை நாடுகளின் ஆணையம், தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா, காவலுக்கு இந்தியப் படை.

அந்தப் படை போனபோது தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தன் மண்ணில் இந்தியச் சிப்பாய் கால்வைக்கக் கூடாது என்றார். இஞ்சோனில் கப்பலிலிருந்தே அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஏற்றி, படைநீக்கப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று ஆண்டுகளாக அதே மண்ணில் வைத்தியம் பார்த்த ரங்கராஜின் பிரிவு இந்தக் காவல் பணியிலும் சேர்ந்துகொண்டது. சிங்மன் ரீ இந்தியாவை நம்பவில்லை. இந்திய டாக்டரை அவர் நாடு நம்பியது.

நிவாரணம் ஒரு தொழில், ராஜதந்திரம் இன்னொரு தொழில், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடியாது என்கிறவர்களுக்கு ரங்கராஜின் பிற்கால வாழ்க்கையே பதில். ராணுவத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் ஆப்கானிஸ்தானில் பணிக்குழுவை நடத்தினார். அங்கே பெரிய இடைஞ்சல் நோய் மட்டுமல்ல. நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து ஊர் ஊராகக் குத்திக் காசு பார்த்த பழைய முறைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் குத்திய இடத்திலேயே புதிதாக நோய் கிளம்பும். வீட்டுப் பெண்களை ஆண் ஊழியர் பார்க்க முடியாது. பனி மூடிய மலைப்பாதைகள் வேறு. மருந்தோடு போனால் போதாது. அரசு அதிகாரியிடமும் ஊர்ப் பெரியவரிடமும் பேசிப் பேசி இணங்க வைக்க வேண்டும். 1972இல் அந்நாட்டின் உள்ளூர்த் தொற்று அறுந்தது. அப்படிப் பேசி இணங்க வைத்ததை ராஜதந்திரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பேசுகிறவர்களும் எப்போதும் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் அல்ல. ஐ.நா. கொரிய ஆணையத்தில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த கர்னல் உண்ணி நாயர் 1950 ஆகஸ்டில் தேகு அருகே கண்ணிவெடியில் இறந்தார். இரண்டு பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களும் அவரோடு மாண்டார்கள்.

கடைசியாக, ஹூண்டாய்க்குப் பிறகுதான் உறவு என்ற பேச்சு. இதற்கு மறுப்பாகச் சிலர் உடனே கன்னியாகுமரியிலிருந்து கொரியாவுக்குப் போன இளவரசி கதையை எடுத்துவிடுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலொன்றில் வரும் ‘அயுதா’ நாட்டை வைத்துக் கட்டிய கதை அது; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்ற 88 போர்க் கைதிகள், 76 கொரியரும் 12 சீனரும், 1954 பிப்ரவரியில் ‘அஸ்டூரியாஸ்’ கப்பலில் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில்தான். அங்கிருந்து டெல்லிக்குப் போனார்கள். பெரும்பாலோர் பிற்பாடு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட, சிலர் இந்தியாவிலேயே பிழைத்துக்கொண்டார்கள். ஹூண்டாய் இந்தியாவில் பதிவானது 1996இல். இடையில் உள்ள 42 வருடத்தை இந்த ‘ஹூண்டாய்க்குப் பிறகுதான்’ கட்சி எந்தக் கணக்கில் எழுதும் என்று தெரியவில்லை.