திங்கள் சிந்தனை: படை விட்டு வந்தவர்க்குப் பயிர்த்தொழில்

தில்லியில் வாழும் நம் அன்பர்கள் காலையில் பால் வாங்கும் மதர் டெய்ரி சாவடிகளுள் பலவற்றை நடத்துவோர் முன்னாள் படைவீரர் என்பதை அறிவார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த மறுகுடியமர்வுத் தலைமை இயக்ககம் செய்துதரும் ஏற்பாடு அது. பால் விற்கும் சாவடியில் ஒருவரை அமர்த்துவது எளிது. கறவை மாட்டையும் அதற்குத் தீவனம் விளையும் நிலத்தையும் அவர் கையில் ஒப்புவித்து, அவரைக் குடியானவராக்குவது அத்துணை எளிதன்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் முப்படைகளிலும் பணிபுரிவோர் பலர் இருத்தலால் இம்மாதம் இதுபற்றி எழுத முற்பட்டோம்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் படைகளினின்று ஓய்வு பெறுகின்றனர். பெரும்பாலோர்க்கு வயது 35 முதல் 45-க்குள். மூத்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்திராத காலம் அது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்க்கோ நிலைமை இன்னும் கடினம். நான்காண்டு முடிந்தபின் நால்வரில் ஒருவருக்கு மேல் படையில் நீடிப்பதற்கில்லை, வெளியேறுவோர்க்கு ஓய்வூதியம் இல்லை, ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் ஒருமுறைத் தொகையாகக் கிட்டும் என்பது அவ்வறிவிப்பு. அத்தொகையைக் கண்டதும் நிலம் வாங்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பே.

வீரருக்கு நிலம் கொடுப்பது பழைய வழக்கம். ஆங்கிலேயர் பஞ்சாபில் கால்வாய் வெட்டிய பகுதிகளில் சிப்பாய்களைக் குடியேற்றினர். ஜீலம் கால்வாய்ப் பகுதியில், படைக்குக் குதிரை வளர்த்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையின்மீதே நிலம் பலருக்குக் கிடைத்தது. 1907-இல் குடியேறியோரின் உரிமைகளைச் சுருக்கும் சட்டம் ஒன்று வந்தபோது பஞ்சாப் கொந்தளித்தது. கிளர்ச்சி படைக்குள்ளும் புகுந்துவிடுமோ என்ற அச்சம் எழவே, வைசிராய் மின்டோ அச்சட்டத்துக்கு இசைவு மறுத்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைனிதாலின் தராய்க் காட்டைத் திருத்தும் திட்டமும் முதலில் முன்னாள் வீரர்களுக்கென வகுக்கப்பட்டதே; பிரிவினை அகதிகள் பின்னர் வந்து சேர்ந்தனர். அங்கே மலேரியாவை அடக்கிய பிறகுதான் ஏர் ஓடிற்று.

ஆயினும் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது பெரிய நிக்கோபார்த் தீவின் வரலாறு. அதில் தமிழ்க் குடும்பங்களுக்கும் பங்குண்டு. நாட்டின் தென்கோடியான அத்தீவிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. எல்லையில் நம்மவர் குடியிருக்கவேண்டும் என்று கருதிய மத்திய அரசு, 1969 முதல் 1980 வரை முன்னாள் வீரர் குடும்பங்கள் 330-ஐ அங்கே குடியேற்றிற்று. பஞ்சாபியர், மராட்டியர், தெலுங்கர், மலையாளிகள், தமிழர் எனப் பலரும் கப்பலேறிச் சென்றனர். காம்பெல் விரிகுடாவை அடுத்த கிழக்குக் கரையில் கோவிந்த நகர், விஜய நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. அக்காடும் கரையும் ஷோம்பென் மக்களும் நிக்கோபாரியரும் வாழ்ந்துவந்த இடம் என்பதைத் திட்டம் வகுத்தோர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

கோதுமை விளைத்துப் பழகிய கை, ஓயாத மழையிலே தென்னையும் கமுகும் வைக்கக் கற்றது. விளைந்ததை விற்பதற்கோ தீவின் தலைநகர் 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருந்தது. கப்பல் வந்தால்தான் சந்தை. முப்பது ஆண்டு உழைப்பில் மரங்கள் ஓங்கி நின்ற வேளையில், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. கரையோர ஊர்கள் அழிந்தன. தப்பியோர் தற்காலிகக் குடில்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2022 நவம்பரில் துறைமுகம், விமான நிலையம், புதுநகரம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. அரசே அழைத்துக் கொடுத்த நிலத்தில் ஒரு பகுதியை அரசே திரும்பக் கேட்கும் நிலை வந்தது. நிலம் கிடைத்தது என்பதனோடு கதை முடிவதில்லை என்பதற்காகவே இதனை இவ்வளவு விரித்துரைத்தோம்.

இன்று அரசாங்கம் நிலத்தைக் காட்டிலும் பயிற்சியையே மிகுதியாகத் தருகிறது. மறுகுடியமர்வு இயக்ககத்தின் பயிற்சிகளை ஓய்வுக்கு முன்பே கேட்டுப் பெறவேண்டும். சீருடையைக் கழற்றிய பின் அலைவதில் பயனில்லை. ஓய்வுக்குப் பின் மாவட்டத்து ஜிலா சைனிக் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்க. நம் தமிழகத்தில் அதற்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று பெயர். வேளாண் அறிவியல் நிலையங்களையும் மறத்தலாகாது. அவற்றுள் முதலாவது 1974-இல் புதுச்சேரியில் தோன்றியது. இப்போது நாடெங்கும் 700-க்கு மேல் உள்ளன. கறவை மாடு, ஆடு, கோழி, மீன் வளர்ப்புக்கும் விவசாயிகள் கடன் அட்டை செல்லும் என்பதைப் பலர் அறியார்.

வெளிமாநிலத்தில் நிலம் வாங்க விழைவோர் முன்பணம் கொடுக்குமுன் சட்டத்தை விசாரிக்கவேண்டும். மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் ஆட்சியரின் அனுமதியின்றி விளைநிலம் வாங்குதல் இயலாது. இமாசலப் பிரதேசத்திலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தடையை விதித்திருக்கிறது. தரகர் இதனைச் சொல்லமாட்டார். ஊரில் பங்காளிகளோடு பொதுவில் கிடக்கும் பாட்டன் சொத்தை நம்பியிருப்போர், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை அடுத்த விடுமுறையிலேயே பார்த்துவிடுவது நலம். இல்லாளின் கருத்தையும் முன்னதாகக் கேளுங்கள். இருபது ஆண்டு குடியிருப்பு வளாகத்தில் குழாய்த் தண்ணீரோடு வாழ்ந்தவர், விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தில் நிற்க இசைவாரா என்பது கணக்கில் சேரவேண்டிய செய்தி.

படைப்பணி முடித்து இங்கேயோ ஊரிலேயோ பயிர் செய்துவரும் அன்பர்கள், முதல் மூன்றாண்டு வரவு செலவைச் சங்க முகவரிக்கு எழுதியனுப்பினால், பெயரை வெளியிடாமல் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.