கைக்கேற்ற மட்டை

விளையாட்டு உடலை வளர்க்கும், உள்ளத்தையும் வளர்க்கும். நம் நாட்டில் சிறியோரும் பெரியோரும் விரும்பி ஆடும் ஆட்டம் பூப்பந்து. நம் பஞ்ச் குணாளன் 1971ஆம் ஆண்டில் இங் பூன் பீயுடன் இணைந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். அவரைப் போல் நம் பிள்ளைகளும் ஒளிவிட வேண்டுமென நாம் விரும்புவது இயல்பே. ஆனால், அவர்களின் கையில் எத்தகைய மட்டையைக் கொடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் நாம் காணும் காட்சி இது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் பழைய இரும்புத் தண்டு மட்டையை வீச முடியாமல் வீசுகிறான். பந்து முந்துகிறது, மட்டை பிந்துகிறது. சில வாரங்களில் தோள் வலிக்கிறது, ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். "இவனுக்கு விளையாட்டு வராது" என்று நாமும் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். குறை பிள்ளையிடம் இல்லை. மட்டையின் எடையில் இருக்கிறது. பெரியவர் சுமக்கும் காண்டா வாளியைச் சிறுவன் தோளில் ஏற்றுவோமா?

கனத்த மட்டைதான் பலமாக அடிக்கும் என்பது தவறான எண்ணம். முன்கையும் மணிக்கட்டும் விரைந்து சுழல்வதாலேயே அடிக்கு வேகம் பிறக்கிறது. கையை மீறிய பாரம் அச்சுழற்சியைத் தடுக்கும்.

மட்டை வாங்கும்போது அதில் பொறித்துள்ள எண்ணைக் கவனித்தல் வேண்டும். '3 யூ' என்றால் ஏறத்தாழ 85 முதல் 89 கிராம். '4 யூ' 80 முதல் 84 கிராம். '5 யூ' 75 முதல் 79 கிராம். எண் கூடக் கூட எடை குறையும் என்பதை மறத்தலாகாது. பத்து வயதுக்குட்பட்டோருக்கு நீளம் குறைந்த சிறுவர் மட்டையே ஏற்றது. அதற்கு மேற்பட்ட மாணவருக்கு 4 யூ அல்லது 5 யூ பொருந்தும். எடை ஒன்றாயினும், தலைப்பக்கம் கனத்த மட்டை கைக்குப் பாரமாகத் தோன்றும். ஆதலின் பிள்ளையையே வீசிப் பார்க்கச் செய்து வாங்குதல் நன்று.

விலை உயர்ந்ததே சிறந்தது என்றும் மயங்க வேண்டா. வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வெறும் பெயருக்காகச் செலவாகலாமா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டு மூன்று எடைகளில் சில மட்டைகளை வாங்கிப் பள்ளியில் வைக்குமாயின், மாணவர் ஆடிப் பார்த்துத் தமக்கேற்றதை அறிந்துகொள்வர். பெற்றோருக்கும் வீண் செலவு நேராது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றனர் நம் முன்னோர். முதலில் கைக்குத் தகுந்த மட்டையைக் கொடுப்போம். பிறகு பிள்ளையின் திறனைப் பற்றிப் பேசுவோம்.